ராணிப்பேட்டையும் வெளிநாடுதான்

காட்பாடியில் பிறந்து வளர்ந்து, இப்போது நியூ ஜெர்சியில் குடித்தனம் நடத்தும் ஒரு பெண் 2025 ஜனவரியில் கேட்ட கேள்விக்கு அப்போது எழுதிய பதில் இது. முதலில் அவர் நிலைமை. கணவர் அங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகன், பூர்வீகம் ஆம்பூர். 2022 ஜனவரியில் வேலூரில் கல்யாணம். விசா வரும்வரை இவர் காட்பாடியில், அவர் அங்கே. 2023 ஜூன் 10 அன்று இவர் போய் இறங்கினார்; கிரீன் கார்டுக் கணக்கு அன்றுதான் ஆரம்பம். நடுவில் தங்கை கல்யாணத்துக்கு 35 நாள் வந்துபோனார். இப்போது, தன் கல்யாணத்துக்கு முன் இவர் வேலை பார்த்த ராணிப்பேட்டை ஷூ கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. டிசைன் பிரிவுக்குப் பொறுப்பு, 2025 மார்ச் 1 முதல் 14 மாதம். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷனும் பாக்கி இருக்கிறது.

"மூன்று வருஷத்தில் குடியுரிமைக்குப் போடலாம் என்கிறார்கள். ரீஎன்ட்ரி பர்மிட் வாங்கிக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டு வந்து போட்டால் ஒன்றும் ஆகாது என்று தோழி சொல்கிறாள். சரிதானே?" இதுதான் கேள்வி. (ரீஎன்ட்ரி பர்மிட் என்பது, கிரீன் கார்டுக்காரர் நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வர முன்கூட்டியே வாங்கிவைக்கும் அனுமதி.) கடைசி வரியாக இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "அவருக்கும் சென்னை ஆபீஸுக்கு மாற்றல் வரலாம் என்று பேச்சு."

அம்மா, தோழி சொன்னது சரியில்லை. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் வக்கீல் இல்லை. நியூ ஜெர்சியில் குடிவரவு வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் 17 வருஷம் கோப்பு தயாரித்தவன்; இப்போது காட்பாடி காந்தி நகரில் ஓய்வு. அந்தத் தொழிலுக்குள் நான் வந்ததே சொந்த அடிபட்டுத்தான். என் மனைவி தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் குடியாத்தம் வந்து 7 மாதம் 11 நாள் தங்கிவிட்டாள். "ஒரு வருஷத்துக்குள் திரும்பினால் கவலையே இல்லை" என்று அப்போது நாங்கள் காசு கொடுத்துக் கேட்ட ஓர் இடத்தில் சொன்னார்கள். நேர்காணலில் அதிகாரி முதல் கேள்வியாகக் கேட்டதே அந்த ஏழு மாதத்தைத்தான். அதில் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

அமெரிக்கச் சட்டம் உங்களிடம் மூன்று கணக்குகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஊரில் பேசுகிறவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

ஒன்று, உடம்பு அங்கே இருந்த நாட்கள். குடிமகனின் மனைவியாக மூன்று வருஷக் கணக்கில் மனுப் போட, அந்த மூன்று வருஷத்தில் பாதி, அதாவது 18 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். நாளாகச் சொன்னால் 548. நீங்கள் இறங்கிய நாளிலிருந்து 2025 பிப்ரவரி கடைசிவரை சுமார் 629 நாள். 35 கழித்தால் 594. இந்தக் கணக்கில் நீங்கள் ஏற்கெனவே தேறிவிட்டீர்கள். உங்கள் தோழி இதை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு, தொடர்ச்சியாகக் குடியிருந்தது. மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் மாட்டுவது இதில்தான். ஒரே பயணமாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அறவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்தால் நிரூபிக்கும் பேச்சே இல்லை, அறுந்தது அறுந்ததுதான். மார்ச் 1 கிளம்பி 2026 மே 1 திரும்பினால் 14 மாதம். அதோடு முடிந்தது.

முடிந்தது என்றால் எவ்வளவு நஷ்டம் என்று பார்ப்போம். இந்த வேலைக்குப் போகாமல் இருந்தால் 2026 ஜூன் மாதம் மனுப் போடலாம். போனால், திரும்பி வந்த நாளிலிருந்து இரண்டு வருஷமும் ஒரு நாளும் கழிய வேண்டும்: 2028 மே 2. அன்றைக்குப் பின்னோக்கி மூன்று வருஷம் எண்ணினால், ராணிப்பேட்டையில் இருந்த காலத்தில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இன்னும் உள்ளேயே நிற்கும். ஆறு மாதக் கேள்வி மறுபடி எழும். அந்தக் கேள்வியே எழக்கூடாதென்றால் இரண்டரை வருஷம் பொறுத்து 2028 நவம்பர். மூன்றாவது கணக்கையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும்.

மூன்று, கணவனோடு சேர்ந்து வாழ்ந்தது. மூன்று வருஷச் சலுகை கல்யாணச் சான்றிதழுக்குக் கொடுத்த சலுகை இல்லை. அந்த மூன்று வருஷமும் ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கைமீறிய பிரிவு, உதாரணமாக ராணுவப் பணி, தவிர்க்க முடியாத தொழில் நிர்ப்பந்தம், இவற்றை மன்னிக்க இடம் உண்டு. ஆனால் நீங்களாக விரும்பித் தேடிப்போகும் வேலையை நிர்ப்பந்தம் என்று சொல்லி நிற்பது கஷ்டம். அவர் நியூ ஜெர்சி எடிசனில், நீங்கள் காட்பாடியில், 14 மாதம். "சேர்ந்து வாழவில்லை" என்று அதிகாரி முடிவுகட்டினால் மூன்று வருஷம் 2026 மேயிலிருந்து புதிதாக ஆரம்பம். மனு 2029-க்குப் போய்விடும்.

இதே இடத்தில் இன்னொரு பொடி விஷயம். மூன்று வருஷம் நிறைய 90 நாள் முன்பே மனுப் போடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பார்த்தால் 2026 மார்ச் 12 அன்றே போடலாமே என்று தோன்றும். அந்த 90 நாள் சலுகை குடியிருப்புக் கணக்குக்குத்தான். சேர்ந்து வாழ்ந்த மூன்று வருஷத்துக்கு இல்லை. நீங்கள் விசாவுக்காகக் காத்திருந்த ஒன்றரை வருஷம் இருவரும் வேறு வேறு நாட்டில் இருந்தீர்கள், ஆகவே சேர்ந்து வாழ்ந்த கணக்கும் 2023 ஜூன் 10-ல்தான் பிறக்கிறது. 2026 ஜூன் 10 தாண்டி மனுவை அனுப்புங்கள். அவசரப்பட்டு மார்ச்சில் அனுப்பி, கட்டிய பணமும் போய், மறுபடி வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ரீஎன்ட்ரி பர்மிட்டுக்கு வருவோம். நம் வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டே: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (கோயிலுக்கு 1981-ல் லிங்கம் வந்துவிட்டது, ஆகவே மூன்றில் ஒன்றைக் கழித்துவிடலாம்.) வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் கையில் இருக்கும் ரீஎன்ட்ரி பர்மிட் பாலாறு மாதிரி. கார்டு என்ற ஆறு இருக்கும், குடியுரிமைக் கணக்கு என்ற தண்ணீர் அதில் ஓடாது. "நான் அமெரிக்காவைக் கைவிடவில்லை, திரும்பி வருவேன்" என்று முன்கூட்டியே பதிந்துவைப்பது மட்டும்தான் அதன் வேலை. நீண்ட நாள் கழித்துப் போனாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் விமானநிலையத்தில் மறிக்க மாட்டார்கள். தொடர் குடியிருப்புக்கு அது ஒரு நாளைக்கூடக் காப்பாற்றாது.

உங்கள் விஷயத்தில் அதற்குக்கூட முழுப் பலன் இல்லை. பர்மிட் சாதாரணமாக இரண்டு வருஷம் செல்லும். ஆனால் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் நிறையுமுன் நீங்கள் போய் இறங்கியதால் உங்களுடையது நிபந்தனைக் கிரீன் கார்டு, அதற்கே ஆயுள் இரண்டு வருஷம்தான். நிபந்தனைக் கார்டுக்காரருக்குக் கொடுக்கும் பர்மிட், அந்த நிபந்தனையை நீக்கக் கேட்க வேண்டிய தேதியைத் தாண்டிச் செல்லாது. இன்று, 2025 ஜனவரியில், நீங்கள் போட்டால் ஜூன் 10 வரைதான். 14 மாத வேலைக்கு, அது தொடங்கி மூன்று மாதத்திலேயே தீர்ந்துபோகும் பர்மிட்.

அந்த நிபந்தனை நீக்கம் தனித் தலைவலி. ஐ-751 என்ற படிவம். கார்டு முடிய 90 நாளுக்குள், அதாவது 2025 மார்ச் 12-க்கும் ஜூன் 10-க்கும் நடுவில், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கம்பெனி உங்களைக் கூப்பிடுவது மார்ச் 1. நீங்கள் ராணிப்பேட்டையில் முதல் சம்பளம் வாங்கும் நேரத்தில் அங்கே இந்த ஜன்னல் திறந்திருக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டே அனுப்பத் தடையில்லை. ஆனால் கைரேகைக்குக் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் படிவத்தோடு இணைக்க வேண்டியது நிஜமான குடும்பம் என்பதற்கான சாட்சி: இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டுக் கணக்கு, கூட்டாகப் போட்ட வரிக் கணக்கு. மனைவி வேறொரு கண்டத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அந்தக் காகிதங்களை அனுப்பினால் படிக்கிறவர் என்ன நினைப்பார் என்று நீங்களே யோசியுங்கள். அனுப்பியதும் வரும் ரசீதுக் கடிதம் பழைய கார்டை 48 மாதம் நீட்டிக்கும், அதை வைத்துப் பயணமும் போகலாம். அது நிலுவையில் இருக்கும்போதே குடியுரிமை மனுவான என்-400-ஐயும் போடலாம்; பல சமயம் இரண்டையும் ஒரே நேர்காணலில் முடித்துவிடுவார்கள்.

"சரி, 14 மாதம் வேண்டாம், பதினோரு மாதம் என்று பேசிக்கொள்கிறேன்" என்று உங்களுக்குத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். என் மனைவியின் ஏழு மாதக் கதையை இங்கே சொன்னால்தான் புரியும். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் வெளியே இருந்தவர், தொடர்ச்சி அறவில்லை என்று காட்ட விதிமுறையே நாலு விஷயங்களை உதாரணமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் இருந்த வேலையை விடவில்லை. நெருங்கிய குடும்பம் அங்கேயே இருந்தது. வீடு அப்படியே கையில் இருந்தது. வெளிநாட்டில் இருந்தபோது அந்த நாட்டில் வேலைக்குச் சேரவில்லை. என் மனைவிக்கு நாலும் இருந்தன. அவள் வேலை பார்த்த பள்ளி கொடுத்த சம்பளமில்லா விடுப்புக் கடிதம், பையனின் மதிப்பெண் அட்டை, வாடகை ரசீதுகள், மாமியாரின் டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாவற்றையும் ஒரு பெரிய கோப்பில் அடுக்கிக்கொண்டு போனோம். அப்படிப் போயும் முடிவு வர ஐந்து மாதம் இழுத்தது. உங்களுக்கோ அந்த நாலாவது விஷயம் நேர் எதிராக நிற்கிறது. உங்கள் பயணத்தின் காரணமே வேலைதான்.

ஐந்து மாதத்துக்கு ஒரு தடவை வந்து பத்து நாள் தலைகாட்டிவிட்டுத் திரும்பலாமா என்றும் கேட்பார்கள். எந்த ஒரு பயணமும் ஆறு மாதத்தைத் தாண்டாது, ஆகவே சந்தேகம் தானாக எழாது. ஆனால் அதிகாரி தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பார். ஐந்து மாதம் காட்பாடி, பத்து நாள் எடிசன், மறுபடி ஐந்து மாதம் காட்பாடி என்றால், குடியிருப்பது எங்கே, விருந்தாளியாக வருவது எங்கே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்தப் பதில் இவ்வளவு நீள்வதற்குக் காரணம் ஒன்றுதான். நமக்கு வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர். சொந்த ஊருக்கு வந்து அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறி ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போவது எப்படி வெளிநாட்டு வேலையாகும் என்று மனசு கேட்கும். அவர்கள் சட்டத்துக்கு துபாயும் ராணிப்பேட்டையும் ஒன்று.

வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் தொடர்ச்சியைக் காப்பாற்றித் தரும் என்-470 என்று ஒரு படிவம் உண்டு. யாராவது அதைப் பற்றிச் சொன்னால் ஏமாறாதீர்கள். வேலை கொடுப்பவர் அமெரிக்க அரசாகவோ, அங்கீகாரம் பெற்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனமாகவோ, அமெரிக்காவின் வெளி வணிகத்தை வளர்க்கும் அமெரிக்க நிறுவனமாகவோ, அமெரிக்கா அங்கம் வகிக்கும் சர்வதேச அமைப்பாகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு வாங்கியபின் ஒரு வருஷம் ஒரு நாள்கூட வெளியே போகாமல் இருந்திருக்கவும் வேண்டும். ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்பும் ராணிப்பேட்டைக் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அந்தக் கடைசி வரி.

மேலே சொன்னதெல்லாம் உங்கள் வேலையைப் பற்றி. உங்கள் கணவர் வேலை விஷயமாக வெளிநாடு போனால் கதையே வேறு. அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தில் 319-ஆவது பிரிவின் (பி) உட்பிரிவு அதற்காகவே இருக்கிறது. அமெரிக்கக் குடிமகன் ஒருவரை, என்-470-க்கு நான் மேலே சொன்ன மாதிரி ஒரு நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் வேலைக்கு அனுப்பினால், அவரோடு போய் வாழப்போகும் மனைவி மூன்று வருஷம் காத்திருக்க வேண்டாம். 18 மாதக் கணக்கு இல்லை, தொடர்ச்சிக் கணக்கும் இல்லை. கிரீன் கார்டு கையில் இருக்க வேண்டும். நேர்காணலுக்கும் உறுதிமொழி ஏற்கவும் அமெரிக்காவில் இருக்க வேண்டும். கணவரோடு வெளிநாட்டில் வாழப்போகிறேன், அவர் வேலை முடிந்ததும் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவேன் என்று மனசார அறிவிக்க வேண்டும். ஆங்கிலமும் குடிமைப் பாடத் தேர்வும் எல்லோருக்கும் போலத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அமெரிக்க மத ஸ்தாபனம் ஒன்றுக்காக வெளிநாட்டில் ஊழியம் செய்பவரின் மனைவிக்கும் கணவருக்கும் அதே உட்பிரிவில் இடம் உண்டு. 1853-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷனையும், 1870-ல் இதே ராணிப்பேட்டையில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து 1900-ல் வேலூரில் ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடரையும் தெரிந்தவர்களுக்கு, வேலை ஒரு நாட்டிலும் குடியுரிமை இன்னொரு நாட்டிலுமாக வாழும் குடும்பம் எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் "பேச்சு அடிபடுகிறது" என்பதை வைத்துப் படிவம் போட முடியாது. உத்தரவு கையில் வந்ததும் இவற்றைப் பாருங்கள். யார் அனுப்புகிறார்கள்: அமெரிக்கத் தாய் நிறுவனமா, அதற்குச் சொந்தமான சென்னைத் துணை நிறுவனமா என்று கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே ராஜினாமா செய்துவிட்டு ஏதோ ஓர் இந்தியக் கம்பெனியில் சேர்ந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். எவ்வளவு காலம்: "ஆறு மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்" என்று எழுதியிருந்தால் போதாது. இன்னொன்று, நீங்கள் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள். அவர் சென்னையில் வீடு எடுத்துத் தங்கி, நீங்கள் காட்பாடியில் அப்பா வீட்டில் இருந்து ராணிப்பேட்டைக்குப் போய்வந்தால் "கணவரோடு வாழ்தல்" என்ற சொல் ஓட்டை விழும். யாராவது ஒருவர் ரயிலில் அல்லாட வேண்டியதுதான். ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு தினம் சென்னை போய்வரும் ஆட்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் தாக்குப்பிடிப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். வீடு ஒன்றாக இருந்தால், அந்தக் காலத்தில் நீங்கள் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பதற்கு அந்த உட்பிரிவில் தடையில்லை. கடிதம் வந்ததும் இதை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே மேலே நகருங்கள். இந்த ஒரு இடத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

மாற்றல் வரவில்லை என்றால்? என் யோசனை, வேலையின் வடிவத்தை மாற்றிக் கேளுங்கள். பேட்டர்ன், ஸ்கெட்ச் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தானே நடக்கிறது. எடிசனில் இருந்தே செய்துகொடுக்கிறேன், சாம்பிள் பார்க்க வருஷத்துக்கு இரண்டு தடவை ஆறேழு வாரம் வருகிறேன் என்று பேசிப்பாருங்கள். அந்தச் சம்பளத்தை அமெரிக்க வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும். இங்கே உங்கள் வங்கிக் கணக்குகளில் உள்ள மொத்தம் வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. வரி மிச்சமாகும் என்று யாராவது "நான்-ரெசிடென்ட்" (அமெரிக்காவில் குடியிருக்காதவர்) என்ற பெட்டியில் டிக் போடச் சொன்னால் கேட்காதீர்கள். நீங்களே கையெழுத்திட்டு "நான் அங்கே குடியிருக்கவில்லை" என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், குடியுரிமை மனுவிலும் அதைக் கேட்கிறார்கள்.

கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால், பதவியை ஒன்றரை, இரண்டு வருஷம் தள்ளிக் கேளுங்கள். மனுப் போட்டவுடன் பெட்டி கட்டிவிடாதீர்கள். தொடர் குடியிருப்பு உறுதிமொழி ஏற்கும் நாள்வரை நீடிக்க வேண்டும். உறுதிமொழி எடுத்த மறுநாளிலிருந்து நீங்கள் எத்தனை வருஷம் எங்கே வேலை பார்த்தாலும் கேட்பாரில்லை. ஒன்று மட்டும்: அந்த நாளோடு இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்குக் கொடுக்கும் ஓசிஐ கார்டு எடுத்துக்கொண்டால் ராணிப்பேட்டையில் தாராளமாக வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலம் மட்டும் வாங்க முடியாது. அப்பா வழியில் வாரிசாக வருவதற்குத் தடையில்லை. ஓட்டும் இல்லை.

அப்பாவின் ஆபரேஷனுக்கு வருவதை இதில் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். முழங்கால் மாற்றி எழுந்து நடக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இரண்டு மூன்று மாதம் உங்கள் எந்தக் கணக்கையும் தொடாது. ஐ-751-ஐ மார்ச் 12 அன்று அனுப்பி, ரசீது வந்து, கைரேகையும் முடிந்தபின் டிக்கெட் போடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் வேலூரில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தால் வீடே அல்லாடும். ஜூலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.